அரைப் போர்டு மிஸ்

பலகையின் கீழ்ப்பாதி நனைந்திருக்கிறது. வகுப்புக்குள் கால் வைத்ததுமே பார்த்துவிட்டேன். ஆனாலும் பார்க்காதவள் மாதிரி புத்தகத்தை மேசையில் வைத்து, சாக்பீஸ் டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, நாற்பத்து நான்கு பெண்களின் வணக்கத்தையும் வாங்கிக்கொண்டு, உட்காரச் சொல்லி, இனிமேல் கடத்த முடியாது என்றானதும் திரும்பி நின்று, வழக்கமாக நான் ஆரம்பிக்கும் இடத்தில், அதாவது தோளுக்கு ஒரு சாண் கீழே, ஒரு கோடு போட்டுப் பார்க்கிறேன். சாக்பீஸ் வழுக்குகிறது. எழுத்தாக மாட்டேன் என்கிறது. "நேத்து மழையில சாரல் அடிச்சு நனைஞ்சுடுச்சு மிஸ்" என்கிறாள் முதல் பெஞ்சு நிரோஷா. "கீழ மட்டும்தான் மிஸ். மேல காய்ஞ்சிருக்கு." மேலே காய்ந்திருக்கிறதாம். எனக்குத் தெரியாதா? எட்டு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறேன், எட்டு வருஷமும் இந்தப் பலகையின் மேல்பாதி எனக்குக் காய்ந்துதான் கிடக்கிறது, அதை நான் தொட்டதே இல்லை. எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியும். அரைப் போர்டு மிஸ். பாத்ரூம் சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள், எழுத்துப்பிழை இல்லாமல். தமிழ் மிஸ் பூங்குழலி நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். குட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும், ஐந்தடி ஒரு அங்குலம் ஒன்றும் அவ்வளவு குட்டை இல்லை, என்னைவிடக் குள்ளமான கணக்கு மிஸ் கட்டைவிரலில் எம்பி உச்சி வரைக்கும் எழுதுகிறாள். எனக்குக் கை எட்டாமல் இல்லை. கையைத் தூக்க முடியாது, அவ்வளவுதான். தூக்கினால் அக்குள் தெரியும். அக்குள் தெரிந்தால் ஈரம் தெரியும். ஈரம் தெரிந்தால், அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்க என் மூளை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சம்மதித்ததில்லை, அந்த இடத்துக்கு வந்ததும் பின்பக்கம் திரும்பி ஓடிவிடும்.

இன்றைக்குப் பார்த்தா நனைய வேண்டும் இந்தப் பலகை. வேறு எந்த நாளாக இருந்தாலும் சமாளித்திருப்பேன். இன்றைக்கு நான் அக்குளில் கல் தேய்க்கவில்லை. கல் எங்கே இருக்கிறது என்றால், எங்கள் வீட்டு வாசல் நிலையில், கருப்புக் கயிற்றில், மஞ்சள் குங்குமத்தோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆடி அமாவாசை. காலையில் குளித்துவிட்டுப் பாத்ரூம் அலமாரியில் கைவிட்டால் சோப்பு இருக்கிறது, கணவர் சம்பத்தின் ரேசர் இருக்கிறது, கல் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தடம் மட்டும் இருக்கிறது. ஈரத் தலையோடு வெளியே ஓடி வந்தால் மாமியார் முக்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். "நல்ல கல்லு அமுதா, கண்ணாடி மாதிரி இருக்கு. இதைப் போய் பாத்ரூம்ல வச்சிருக்க. பழசு கருத்துப் போச்சு, அதான் இதைக் கட்டிட்டேன்." என்ன சொல்வது நான்? அத்தை, அது நான் நாற்பது நாளாக அக்குளில் தேய்த்த கல், என்றா? கற்பூரம் வேறு ஏற்றிச் சுற்றிவிட்டார். சம்பத் செருப்பு மாட்டும்போது அண்ணாந்து அதைப் பார்த்து, விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டு பத்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அக்குளில் ஒன்றுமே இல்லாமல், அதுவும் வெளிர் நீல ஜாக்கெட்டில், வெளிர் நீலம், இருக்கிற நிறத்திலேயே ஈரத்தைக் காட்டிக்கொடுப்பதில் முதல் நிறம், படி இறங்கி வந்தேன். மாற்றிக்கொள்ள நேரமில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் ஒரு சீட்டு முதுகில் சாய்ந்தே கிரீன் சர்க்கிள் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். இரண்டு தடவை ஒரு அம்மாள் மேல் விழுந்தேன்.

பதினெட்டு வருஷம் என்று எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அது ஒரு பழுப்புக் கவரில் தொடங்கியது. எனக்கு அப்போது இருபத்தைந்து. ஒரு மெட்ரிக் பள்ளியில் முதல் வேலை, மூன்றாவது மாதம். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்து, பாடம் எப்படிப் போகிறது என்று கேட்டு, இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே என்று நான் நெகிழ்ந்துகொண்டிருக்கும்போதே மேசை டிராயரைத் திறந்து அந்தக் கவரை என் பக்கம் தள்ளினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒரு பேரன்ட் போன் பண்ணாங்க. குழந்தைங்க ஏதோ சொல்லுதாம். எல்லாருக்கும் நல்லதுதானே." உள்ளே ஒரு சென்ட் பாட்டில். நான் அதை வாங்கிக்கொண்டேன். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. நன்றி மேடம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தப் பேரன்ட் யார், எந்தக் குழந்தை, எந்த வகுப்பு, எந்த நாள், பலகையில் நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன், அன்றைக்குக் கரண்ட் இருந்ததா, ஒவ்வொரு முகமாக நினைவில் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தேன், எல்லா முகமும் மூக்கைச் சுளித்தது. அன்றைக்கே ரோல்-ஆன் வாங்கினேன். பிறகு ஒரு நாள் கூட அது இல்லாமல் வாசல் தாண்டவில்லை. கல்யாண முகூர்த்தத்தில் அதிகாலை மூன்று மணிக்குப் போட்டேன். பிரசவத்துக்குப் போகும் ஆட்டோவில் வலியோடு திரும்பி வந்து எடுத்துக்கொண்டேன், சம்பத்துக்கு இன்றுவரை நான் எதற்குத் திரும்பினேன் என்று தெரியாது, சாமி கும்பிடப் போனேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதைப் போட்டும் நம்பிக்கை வரவில்லை, கை இடுப்போடு ஒட்டிக்கொண்டது. முழங்கையை விலாவை விட்டு விலக்காமல் மணிக்கட்டால் மட்டுமே ஒரு மூலக்கூறு அமைப்பை வரைந்து முடிக்கும் வித்தை இந்த வேலூர் மாவட்டத்தில் என் ஒருத்திக்குத்தான் கைவந்திருக்கும். ஜாக்கெட் தைக்கும் லோகநாயகி அக்கா கேட்பாள், "இன்னா டீச்சர், துணி எல்லாம் புதுசா இருக்கு, அக்குள் மட்டும் மஞ்சளாகி அட்டை மாதிரி விறைச்சிக்குது?" வெயில் என்பேன். வேலூரில் எதற்கும் வெயில் என்று சொல்லிவிடலாம்.

கடைசியில் தோல்தான் சண்டை போட்டது, நான் போடவில்லை. இந்த மே மாதம் இரண்டு பக்கமும் தடித்துச் சிவந்து எரிந்தது. இரவிக்கையின் கை உரசினால் உயிர் போகும். தோல் டாக்டர், சின்னப் பெண், என் மாணவிகள் வயதைக் கொஞ்சம் தாண்டியவள், பார்த்த உடனே சொல்லிவிட்டாள். "இதுல இருக்கிற அலுமினியம் உங்க ஸ்கின்னுக்கு ஒத்துக்கல மேடம். அலுமினியம் இல்லாததா பாத்து மாத்துங்க." வீட்டுக்கு வந்து அந்தக் குப்பியைத் திருப்பினேன். பதினெட்டு வருஷமாகத் திருப்பாத குப்பி. எறும்பளவு எழுத்தில் அலுமினியம் குளோரோஹைட்ரேட். வேதியியல் முதுகலை படித்தவள், பிள்ளைகளிடம் பாட்டிலை வாங்கினால் லேபிளைப் படி என்று உபதேசம் செய்கிறவள், இத்தனை நாள் இதைப் படிக்காததற்கு வெட்கமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் அலுமினியத்தைப் பற்றி வருகிற பயமுறுத்தலை எல்லாம் நான் நம்புகிறவள் இல்லை, எனக்குத் தேவை எரியாத ஒரு தோல், அவ்வளவே. முதலில் பக்கத்து வீட்டுப் பெண் செய்து விற்கும் இயற்கைக் களிம்பு வாங்கினேன். தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் ஏதோ கிழங்கு மாவும். எங்கள் ஊர் ஜூன் மாதத்தில் அது டப்பாவிலேயே ரசமாகிவிட்டது. பூசிக்கொண்டு போனால் பத்து மணிக்கு என்னிடம் பஜ்ஜி கடை வாசம். ஐந்தாம் நாள் சோடா எரித்தது. அப்போதுதான் ஸ்டாஃப் ரூமில் பூங்குழலி, அவளிடம் மட்டும்தான் சொன்னேன், அதுவும் என் அக்காவுக்கு என்று பொய்யாகச் சொன்னேன், "இதுக்கு எதுக்கு மிஸ் அலையிறீங்க? படிகாரக் கல்லு வாங்கி ஈரத்தோட தேய்க்கச் சொல்லுங்க. சலூன்ல தேய்க்கிறாங்களே. எல்லாம் இயற்கை" என்றாள். லாங்கு பஜார் நாட்டு மருந்துக் கடைக்காரர் தராசில் போட்டபடியே சொன்னார், "இதுல கெமிக்கல் ஒண்ணும் கிடையாதும்மா. வெறும் கல்லு." நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கல் வேலை செய்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விரதம் மாதிரி எண்ணத் தொடங்கினேன், காலண்டரில் சின்னப் புள்ளி, மாமியார் அதைப் பார்த்துவிட்டு எந்தச் சாமிக்கு என்று கேட்டார், எனக்குப் பிடித்த சாமிக்கு என்றேன். பத்தாம் நாள் தடிப்பு அடங்கியது. இருபதாம் நாள் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தேன், இரண்டு ஸ்டாப் வரைக்கும், பக்கத்தில் நின்றவன் செத்து விழவில்லை. முப்பதாம் நாள் கொடியில் துணியை எட்டிப் போட்டேன், மொட்டை மாடியில் மூன்று பேர் இருக்கும்போது. அலுமினியம் இல்லாமல் ஒருத்தி வாழ்ந்துவிட்டாள் என்று எனக்குள் ஒரு கர்வம் வந்தது. இன்று நாற்பத்தோராம் நாள். நாற்பத்தெட்டு முடிந்ததும் பலகையின் மேல்பாதியில் எழுதுவது என்று வைத்திருந்தேன். அதற்காகவே ஒரு கறுப்பு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறேன். ஏழு நாள் முன்னாலேயே, கல்லும் இல்லாமல், கறுப்பு ஜாக்கெட்டும் இல்லாமல், வா என்று கூப்பிடுகிறது இந்தப் பலகை. நான் திரும்பி, "சரி, நோட்டை எடுங்க. இன்னிக்குச் சொல்லச் சொல்ல எழுதிக்கலாம்" என்கிறேன். நாற்பத்து நான்கு பேரும் சேர்ந்து ஒரு ஐயோ போடுகிறார்கள். கடைசி பெஞ்சில் கலைமதி எழுந்து நிற்கிறாள். உயரமான, பருத்த பெண், எந்த வெயிலிலும் யூனிஃபார்ம் ஓவர்கோட்டின் எல்லா பட்டனையும் போட்டிருப்பவள், கேள்விக்குக் கை தூக்கவே மாட்டாள், எழுந்துதான் நிற்பாள், இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு. நான் அவளை முதல் நாளே கண்டுகொண்டேன். திருடனுக்குத் திருடனைத் தெரியாதா? "மிஸ், அணைவுச் சேர்மத்துக்குப் படம் போடணுமே மிஸ். படத்தை எப்படிக் காதால கேட்டு எழுதறது?" நியாயமான கேள்வி. ஃபேன் சுற்றுகிறது, மெதுவாக, தயவுக்குச் சுற்றுவது மாதிரி. முதுகில் ஒரு சொட்டு இறங்குவது தெரிகிறது, இடது அக்குளில் ஏற்கெனவே ஒரு காசு அளவு நனைந்துவிட்டது, தெரியும், பார்க்காமலே தெரியும், பதினெட்டு வருஷமாக உடம்பில் வேறெந்த இடத்தையும் நான் இவ்வளவு கவனித்ததில்லை. தலைவலி என்று சொல்லிவிடலாம். ஸ்கேலில் சாக்பீஸைக் கட்டி எழுதலாம், அசடே. கலைமதியையே கூப்பிட்டு எழுதச் சொல்லலாம், உயரமான பெண்தானே, என்று மூளை சொல்லி முடிப்பதற்குள் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. எனக்குப் பதில் அவள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டுமா, இத்தனை பேர் முன்னால்?

தூக்கிவிட்டேன். எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை, சாக்பீஸ் உச்சியில் இருக்கிறது, கை தலைக்கு மேலே இருக்கிறது, கை எங்கேயோ போய்விட்டது, அக்குளில் காற்று படுகிறது. காற்று! ஃபேன் காற்று நேராக ஈரத்தில் பட்டுக் குளிர்கிறது. இவ்வளவு குளிரும் என்று யாரும் சொன்னதில்லையே. "இரட்டை உப்புகள்" என்று எழுதுகிறேன், உச்சியில், பெரிய எழுத்தாக, கோணலாக, மேலே எழுதிப் பழகாத கை அல்லவா, முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி மலை ஏறுகிறது. ஏறட்டும். முதுகுக்குப் பின்னால் எண்பத்தெட்டுக் கண்ணும் நாற்பத்து நான்கு மூக்கும் இருக்கின்றன. கண்ணைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மூக்குதான். வியர்வைக்கு மணமே கிடையாது, அதில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் அதை நாற வைக்கின்றன, அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், நான் குளித்து நாலு மணி நேரம்தான் ஆகிறது, இல்லை, நாலே கால், பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இந்தக் கணக்கு எல்லாம் எதற்கு? ஓரக்கண்ணால் திரும்பிப் பார்க்கிறேன். நிரோஷா கையை மூக்குக்குக் கொண்டுபோகிறாள். முடிந்தது. பழுப்புக் கவர், காபி, எல்லாருக்கும் நல்லதுதானே, கை தானாக மடங்கி விலாவுக்கு வரப்பார்க்கிறது. அவள் மூக்கைப் பிடிக்கிறாள், கண்ணை மூடுகிறாள், தும்முகிறாள். ஒரு தும்மல், இன்னொரு தும்மல். "சாக்பீஸ் தூசி மிஸ். மேல இருந்து விழுது" என்று மன்னிப்புக் கேட்கிறாள். தங்கமே, நூறு தடவை தும்மு. மடங்கின கை மறுபடி மேலே போகிறது.

எடுத்துக்காட்டு, பொட்டாஷ் படிகாரம். அடக்கடவுளே, இதுவா இன்றைக்கு என்று உதட்டுக்குள் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், வருஷா வருஷம் எழுதுகிற வாய்பாடு, கை தூங்கிக்கொண்டே எழுதும். கே டூ எஸ் ஓ ஃபோர். புள்ளி. ஏ எல். ஏ எல் என்று எழுதிய இடத்தில் சாக்பீஸ் நிற்கிறது. ஏ எல் என்றால் என்ன? எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். ஏ எல் என்றால் அலுமினியம். பொட்டாசியம் அலுமினியம் சல்பேட், இருபத்து நான்கு மூலக்கூறு தண்ணீரோடு. படிகாரம். என் கல். நாற்பது நாள். காலையும் மாலையும். டாக்டர் சொன்னது அலுமினியம் இல்லாததைப் பார்த்து மாற்று என்று, நான் போய் அலுமினியத்தையே கட்டியாக வாங்கி வந்து தேய்த்திருக்கிறேன். குப்பியைத் திருப்பிப் படித்து வெட்கப்பட்டவள் கல்லைத் திருப்பிப் படிக்கவில்லை, கல்லில் லேபிள் ஒட்டியிருக்காது என்பதால். வெறும் கல்லும்மா என்றார் அந்த மனுஷர், நான் தலையாட்டினேனே, பதினெட்டு வருஷமாக இந்த வாய்பாட்டைப் பலகையில் எழுதும் நான். எழுதுவது ஒரு அறையில் இருக்கிறது, தேய்ப்பது ஒரு அறையில் இருக்கிறது, நடுவில் கதவைத் திறக்கவே இல்லை. மண்டலம் போச்சு. காலண்டர் புள்ளி எல்லாம் போச்சு. கர்வம் போச்சு. பின்னால் யாரோ "மிஸ் மறந்துட்டாங்கடி" என்று கிசுகிசுக்கிறார்கள். இல்லை பெண்ணே, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நாற்பது நாளும் அலுமினியம் என்றால், கம்பியைப் பிடித்தது, கொடியில் துணி போட்டது எல்லாம் அலுமினியத்தோடு என்றால், அது இல்லாமல் இருந்த நாள் எது? கை இன்னும் மேலேதான் இருக்கிறது. ஏ எல்லின் பக்கத்தில். வெளிர் நீல ஜாக்கெட்டில், ஒன்றுமே பூசாத அக்குளோடு. இன்றைக்குத்தான் இல்லை. களிம்பு போட்ட அந்த ஐந்து நாளும் நான் கையைத் தூக்கவில்லை, ஆகவே பதினெட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான், இந்தப் பீரியடில்தான், நான் கல்லும் இல்லாமல் குப்பியும் இல்லாமல் வெறும் கையைத் தூக்கியிருக்கிறேன், அதுவும் தூக்கி ஐந்து நிமிஷம் ஆகிறது, இன்னும் உயிரோடு இருக்கிறேன். சிரிப்பு வருகிறது. காலையில் வாசலில் வராத சிரிப்பு எல்லாம் சேர்த்து இப்போது வருகிறது. பலகையைப் பார்த்தபடி தோள் குலுங்கச் சிரிக்கிறேன்.

"இன்னா மிஸ்?" என்கிறாள் நிரோஷா, அவளுக்கும் சிரிப்பு தொற்றிவிட்டது. "படிகாரம் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்கிறேன். ஒரே கூச்சல். எங்க வீட்டு வாசல்ல கட்டியிருக்கோம் மிஸ். எங்க அண்ணி தண்ணியைத் தெளிய வைக்கப் போடும் மிஸ். எங்கப்பா சலூன்ல ஷேவ் பண்ணிட்டுத் தேய்ப்பார் மிஸ், இது நிரோஷா. "அதுல அலுமினியம் இருக்கு" என்கிறேன். "அப்போ கண்ணு படாதா மிஸ்?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கிறது. சிரிப்பு அடங்குகிற இடைவெளியில் கடைசி பெஞ்சிலிருந்து கலைமதி, எழுந்து, கைகளை ஒட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக் கேட்கிறாள். "வியர்வை வாடைக்குக்கூட அதைத் தேய்ப்பாங்களா மிஸ்?" எங்கேயோ இரண்டு பேர் களுக்கென்று சிரிக்கிறார்கள். கலைமதியின் காது சிவக்கிறது. இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இதற்குத்தான் நான் பதினெட்டு வருஷம் கையை ஒட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு பதில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம், பயன்கள் என்று தலைப்புப் போட்டு மூன்றாவதாக எழுதிவிடலாம். "தேய்ப்பாங்க" என்கிறேன். "நான் தேய்ச்சேன். நாற்பது நாள். அதுக்கு முன்னாடி பதினெட்டு வருஷம் ரோல்-ஆன். நாத்தம் வரும்னு பயந்து இந்த மேல் பாதியில எழுதினதே இல்ல. அதான் அரைப் போர்டு மிஸ்." களுக்கென்று சிரித்த பக்கம் திரும்புகிறேன். சுவரில் எழுதியது யாரென்று இப்போது எனக்குத் தெரியும், ஒருத்தி மேசைக்குள் போய்விடுவது மாதிரி குனிகிறாள், பாவம். "இன்னிக்கு ஒண்ணும் தேய்க்கல. நனைஞ்சிருக்கு, பாருங்க." கையை நன்றாக உயர்த்துகிறேன். இடது, வலது, இரண்டும். நாற்பத்து நான்கு பேரும் பார்க்கிறார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஓட்டுச் சாய்ப்பிலிருந்து நேற்றைய மழை சொட்டுகிறது. "எல்லாருக்கும் நனையும். உட்காரு கலைமதி. படத்துக்கு வரேன்."

எழுதுகிறேன். இரட்டை உப்பு தண்ணீரில் போட்டால் தன் அயனிகளாகப் பிரிந்துவிடும், அணைவுச் சேர்மத்தில் நடுவில் இருப்பது சுற்றியிருப்பதை விடாது, சொல்லிக்கொண்டே எழுதுகிறேன், நடுவில் கோபால்ட், சுற்றி ஆறு அம்மோனியா, மேலே ஒன்று, கீழே ஒன்று, முழங்கை முழுசாக நீள்கிறது, தோள்பட்டையில் ஏதோ ஒரு எலும்பு சொடக்கென்கிறது, வலிக்கிறது, நன்றாக இருக்கிறது. எண்முகியை உச்சியிலிருந்து வரைகிறேன், இவ்வளவு பெரிதாக நான் வரைந்ததே கிடையாது, அம்மோனியா அம்மோனியாவாகத் தெரிகிறது. எனக்கே என் வாசம் வருகிறது இப்போது. சந்தன சோப்பு, சாக்பீஸ், அதற்கு அடியில் வியர்வை. லேசாக நாறுகிறதுதான். நாலே கால் மணி நேரம் ஆன ஒரு மனுஷியின் நாற்றம், அதற்கு மேல் ஒன்றுமில்லை, இதற்காகவா பிரசவ வலியோடு ஆட்டோவைத் திருப்பினேன்? சந்தோஷமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடவில்லை. ஏதோ ஒன்று குறைகிறதே என்று கொஞ்ச நேரமாகத் தோன்றிக்கொண்டிருந்தது, இப்போதுதான் பிடிபடுகிறது. நான் எழுதத் தொடங்கினால் கடைசி இரண்டு வரிசையில் பெஞ்சு கிறீச்சிடும், முன்னால் இருப்பவர்களின் தலை மறைக்கிறது என்று எழுந்து நின்றே எழுதுவார்கள், எட்டு வருஷமாக அந்தச் சத்தத்தோடுதான் பாடம் நடத்தினேன், பெஞ்சுதான் தாழ்வு என்று நினைத்திருந்தேன். இன்றைக்குச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்க்கிறேன். எல்லாரும் உட்கார்ந்து எழுதுகிறார்கள். கலைமதி ஓவர்கோட்டின் மேல் இரண்டு பட்டனைக் கழற்றிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எண்முகியை வரைந்துகொண்டிருக்கிறாள். அத்தனை வருஷம் எத்தனை பேரை நிற்கவைத்திருக்கிறேன் என்று நினைத்ததும் கண் கலங்குகிறது, துடைத்துக்கொள்கிறேன், முகமெல்லாம் சாக்பீஸ்.

மணி அடிக்கிறது. டஸ்டரை எடுத்தால் "அழிக்காதீங்க மிஸ், இன்னும் எழுதல" என்கிறார்கள். வாசலில் பூங்குழலி அடுத்த பீரியடுக்கு நிற்கிறாள். பலகையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், என் ஜாக்கெட்டைப் பார்க்கிறாள். அக்காவுக்கு என்று நான் சொன்ன பொய்யை அவள் ஒரு நாளும் நம்பவில்லை போலிருக்கிறது, பக்கத்தில் வந்து காதோடு சொல்கிறாள், "உச்சி வரைக்கும் எழுதிட்டீங்களே மிஸ்! நான் சொன்னேன்ல, படிகாரம் வேலை செய்யும்னு?" "செய்யுது மிஸ்" என்கிறேன். "எங்க வீட்டு வாசல்ல செய்யுது." அவளுக்குப் புரியவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை இடுப்பில் அணைக்காமல், கையை வீசிக்கொண்டு வராந்தாவில் நடக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குள் போகும்போது அந்தக் கல்லுக்குக் கீழே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அது அங்கேயே இருக்கட்டும். காலண்டரில் நாற்பது புள்ளியையும் விட்டுவிட்டு இன்றைய தேதியில் ஒன்று வைக்க வேண்டும், முதல் நாள். நாளைக்கு நாறினால் நாளைக்கு ஒரு தடவை கூடுதலாகக் குளித்துக்கொள்ளலாம், டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லி, கல்லிலும் அலுமினியம் என்றால் தடிப்பு எப்படி அடங்கியது என்று கேட்டுச் சிரிக்கலாம், அவள் வேறு ஏதாவது சொல்வாள், இந்தத் தடவை படித்துப் பார்த்து வாங்கலாம். கறுப்பு ஜாக்கெட்டை வேண்டாம் என்று லோகநாயகி அக்காவுக்குப் போன் பண்ண வேண்டும். இல்லை, தைத்தே கொடுக்கட்டும், கறுப்பு எனக்கு எடுப்பாக இருக்கும். அடுத்தது பன்னிரண்டு பி. அந்த வகுப்பு உள்பக்கம் இருக்கிறது, அங்கே சாரல் படாது. உள்ளே போகிறேன், வணக்கத்தை வாங்கிக்கொள்கிறேன், உட்காரச் சொல்கிறேன். கடைசி இரண்டு வரிசை பழக்கத்தில் உட்காராமலே நிற்கிறது. "நீங்களும்தான், உட்காருங்க" என்கிறேன். இங்கே பலகையின் கீழ்ப்பாதி நன்றாகக் காய்ந்து கருகருவென்று இருக்கிறது. நான் மேலிருந்து ஆரம்பிக்கிறேன்.